பாலம் தாண்டும் பாரம்

இரவு பதினொரு மணிக்கு மேல்தான் அந்த வண்டி கிளம்பும். வில்லிங்டன் தீவின் சாலையில் லாரிகள் குறைந்து, தோப்பும்படிக்குப் போகும் கடைசி பஸ்ஸும் போய்விட்ட பிறகு. முன்னால் போலீஸ் ஜீப். அதன் பின்னால் ஏணியும் நீண்ட மூங்கில் கழிகளுமாக மின்வாரிய ஊழியர்கள். அதற்கும் பின்னால், தெரு விளக்குகளை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டு, தார்ப்பாய் போர்த்திய ஓர் இரும்பு உருவம். அது நகர்கிறது என்பதே உற்றுப் பார்த்தால்தான் தெரியும். இருபுறமும் டார்ச் விளக்கோடு ஆட்கள் நடந்தே வருகிறார்கள். நடப்பவர்களுக்குச் சிரமமில்லை, வண்டி அவர்களைவிட மெதுவாகத்தான் வருகிறது.

ஜப்பானிலிருந்தோ கொரியாவிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடல் தாண்டி வந்த சரக்கு இது. கப்பலில் அதற்கு ஒரு தொல்லையும் இருந்திருக்காது. கொச்சித் துறைமுகத்தில் மட்டாஞ்சேரி வார்ஃபிலோ எர்ணாகுளம் வார்ஃபிலோ இறக்கி வைத்த பிறகு மிச்சமிருப்பது சில கிலோமீட்டர்தான். அந்தச் சில கிலோமீட்டருக்காகத்தான் மாதக்கணக்கில் கடிதப் போக்குவரத்து, ஆய்வு, அனுமதி, காத்திருப்பு எல்லாம்.

லாரித் தொழிலில் இதற்கு 'ஓ.டி.சி.' என்று பெயர். அளவு மீறிய சரக்கு. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி ஒரு சரக்கு வண்டியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக்கூடாது. உயரம் 3.8 மீட்டராக இருந்ததை 2020இல் 4 மீட்டராக்கினார்கள். இந்தச் சட்டத்துக்குள் அடங்காத எதற்கும் தனி அனுமதி வேண்டும். அடங்காமல் போவதற்குப் பெரிய இயந்திரம்தான் வேண்டும் என்பதில்லை. எந்தக் கட்டுமானப் பணியிலும் பார்க்கக் கிடைக்கிற 20 டன் எக்ஸ்கவேட்டரை டிரெய்லரில் ஏற்றினாலே, அதன் சங்கிலிப் பட்டைகள் இருபுறமும் கொஞ்சம் நீட்டிக்கொண்டுதான் நிற்கும்.

ஆனால் எக்ஸ்கவேட்டர் யாருக்கும் தலைவலி இல்லை. 600 டன் தூக்கும் கிராலர் கிரேன்கூட அவ்வளவாகத் தலைவலி இல்லை. பார்க்கப் பயமுறுத்தும் அந்தக் கிரேன் பிரித்துப் பிரித்து வருகிறது. கை தனி, சங்கிலிப் பட்டை தனி, எடைக்கட்டிகள் தனி. டிரெய்லர்கள் வரிசையாகப் போய், வேலை நடக்கும் இடத்தில் இன்னொரு சிறிய கிரேனை வைத்து அதைப் பூட்டிக்கொள்வார்கள். மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் தோண்டும் இயந்திரமும் அப்படித்தான். உண்மையான சிக்கல் பிரிக்க முடியாத சரக்கில் வருகிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் ரியாக்டர் கலன், மின்நிலையத்தின் டிரான்ஸ்ஃபார்மர், காற்றாலையின் இறகு. தூத்துக்குடித் துறைமுகத்தில் கையாளப்படும் இறகுகள் இப்போது 80 மீட்டரையே தாண்டிவிட்டன. தடித்த எஃகுத் தகட்டை வளைத்து, பற்றவைத்து, சூளையில் பதப்படுத்திச் செய்த கலனை இரண்டாக வெட்டி அனுப்பு என்று யாரும் கேட்க முடியாது. அது எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பெரிதாகத்தான் சாலையில் போயாக வேண்டும்.

கொச்சியில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு சுற்றும் உண்டு. துறைமுகம் ஒரு தீவில் இருக்கிறது.

அந்தத் தீவும் இயற்கையானதல்ல. 1920இல் கொச்சிக்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர், காயலின் வாயை அடைத்துக்கொண்டிருந்த மணல்திட்டை வெட்டிக் கால்வாய் அமைத்தார். 1928 மே 26 அன்று 'பத்மா' என்ற கப்பல் உள் துறைமுகத்துக்குள் நுழைந்தது. தோண்டிய சேற்றையும் மணலையும் கொட்டி உருவாக்கிய நிலம்தான் வில்லிங்டன் தீவு. ஒரு பக்கம் மட்டாஞ்சேரிக் கால்வாய், மறுபக்கம் எர்ணாகுளம் கால்வாய். அன்றைக்கு இது குறையாகத் தெரிந்திருக்காது. சரக்கெல்லாம் வள்ளத்தில் போய்க்கொண்டிருந்த காலம். மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டில் இன்றும் நிற்கும் பழைய கிடங்குகளைப் பார்த்தால் விஷயம் விளங்கும். தெருப் பக்கத்து வாசலில் இரண்டு கைவண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும். கிடங்கின் நிஜமான வாசல் பின்புறம், காயலைப் பார்த்து இருக்கிறது. மிளகும் சுக்கும் கயிறும் அந்த வழியாகத்தான் போயின. அரிசி அந்த வழியாகத்தான் வந்தது.

இன்று தீவிலிருந்து எந்தச் சரக்கு சாலைவழி வெளியேற வேண்டுமானாலும் பாலம் ஏறியாக வேண்டும். மேற்கே தோப்பும்படிக்கு மட்டாஞ்சேரிப் பாலம். பக்கத்திலேயே நிற்கும் பழைய ஹார்பர் பாலம், நடுப்பகுதியைத் தூக்கிக் கப்பலுக்கு வழிவிடும் வசதியோடு பிரிஸ்டோ காலத்துத் திட்டத்தில் வந்தது. கனரக வண்டிகளுக்கு அது ஆகாது. வடக்கே எர்ணாகுளம் நகருக்குள் போகும் வெண்டுருத்திப் பாலம். கிழக்கே தேவரா வழியாகக் குண்டன்னூர் போய்த் தேசிய நெடுஞ்சாலை 66ஐத் தொடும் பாலங்கள். பெரிய சரக்குக்கு நடைமுறையில் இந்தக் கிழக்கு வழிதான். மொத்தம் ஆறு கிலோமீட்டர்கூட இல்லாத இந்தத் துண்டுக்கு 966பி என்று தனி நெடுஞ்சாலை எண் வேறு. 2024இல் இதன் பாலங்களில் குழி விழுந்து, திரும்பத் திரும்ப ஒட்டுப்போட்டும் நிற்காமல், அக்டோபரில் போக்குவரத்தையே நிறுத்தி மேல்தளத்தைப் புதிதாகப் போட்டார்கள். அந்த நாட்களில் மேற்குக் கொச்சிக்காரர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு, தீவு என்ற சொல்லுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

பாலம் எவ்வளவு தாங்கும் என்பது வண்டியின் எடையை மட்டும் பொறுத்ததல்ல. அந்த எடை எப்படிப் பரவுகிறது என்பதையும் பொறுத்தது. ஓ.டி.சி. சரக்கைச் சுமப்பது 'ஹைட்ராலிக் ஆக்சில்' என்று தொழிலில் சொல்லப்படும் நீண்ட டிரெய்லர். ஒவ்வோர் ஆக்சிலுக்கும் எட்டு டயர். அவற்றின் மேல் எண்ணெய் அழுத்தத்தில் ஏறி இறங்கும் தூண்கள். சாலை எங்கே பள்ளமானாலும் அங்கே டயர் இறங்கும், தளம் சாயாது. எடையும் எல்லா டயர்களுக்கும் சரிசமமாகப் பங்காகும். திருப்பத்தில் முன்னாலுள்ள டயர்கள் ஒரு பக்கமும் பின்னாலுள்ளவை எதிர்ப் பக்கமும் திரும்பும். பின்பகுதியை ஒருவர் தனியாகத் திருப்பிக்கொண்டே வருவார். முன்னால் இழுப்பது 'புல்லர்' என்கிற வண்டி. பாரம் அதிகமானால் இரண்டு புல்லர். ஏற்றம் வந்தால் பின்னாலிருந்து தள்ள மூன்றாவது. ஓட்டுநர்களில் பஞ்சாபியும் உண்டு, உத்தரப் பிரதேசக்காரரும் உண்டு, நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து ஆட்களும் உண்டு. ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வது ஒரு கலவை இந்தியில்.

பாலங்களை வடிவமைப்பதற்கான இந்தியச் சாலைப் பேராயத்தின் விதித்தொகுப்பு இப்படிப்பட்ட வண்டியையே ஒரு தனி வகையாகக் கணக்கில் எடுத்திருக்கிறது. 20 ஆக்சில், ஆக்சிலுக்கு 18 டன், இழுவண்டியையும் சேர்த்து 385 டன். அது பாலத்தில் ஏறும்போது மணிக்கு 5 கி.மீ.க்கு மேல் போகக்கூடாது. பாலத்தின் நடுக்கோட்டிலிருந்து 30 சென்டிமீட்டருக்கு மேல் விலகக்கூடாது. அந்த நேரத்தில் பாலத்தில் வேறு வண்டி எதுவும் இருக்கக்கூடாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 20 ஆக்சிலுக்கு 160 டயர். 360 டன்னைப் பங்கிட்டால் டயருக்கு 2.25 டன். தினமும் எல்லோரும் பார்க்கிற லாரியின் பின் ஆக்சிலில் நான்கு டயர். 2018இல் திருத்திய வரம்பின்படி அதன் மேல் 11.5 டன் வரை ஏற்றலாம். டயருக்கு ஏறக்குறைய 2.9 டன். ஆக, ஊரே திரண்டு வேடிக்கை பார்க்கும் ராட்சத வண்டி, தார் ரோட்டை அழுத்துவது ஒரு மணல் லாரியைவிடக் குறைவு. ரோட்டுக்கு அது போதும். பாலத்துக்குப் போதாது. இரண்டு தூண்களுக்கு நடுவிலுள்ள ஒரு கண்ணின் மேல் ஒரே நேரத்தில் மொத்தம் எத்தனை டன் என்பதுதான் பாலத்தின் கணக்கு. அந்தக் கண்ணின் கர்டர்கள் எந்த ஆண்டு, எந்த விதிப்படி வார்க்கப்பட்டன என்று யாராவது பழைய கோப்பைத் தேடிப் பார்க்க வேண்டும். பழைய பாலங்கள் 70 டன் டாங்கியையும் 100 டன் டயர் வண்டியையும் மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை.

கோப்பில் உள்ளதை நம்பலாமா என்பது அடுத்த கேள்வி. கொச்சிக்கு அந்த அனுபவம் இருக்கிறது. 2016 அக்டோபரில் திறந்த பாலாரிவட்டம் மேம்பாலம், மூன்று ஆண்டு முடிவதற்குள் விரிசல் கண்டு 2019 மே மாதம் மூடப்பட்டது. எடை ஏற்றிச் சோதித்துப் பார்க்கலாம் என்றது உயர் நீதிமன்றம். சோதனை தேவையில்லை, மாற்றிக் கட்டலாம் என்று 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. இ. ஸ்ரீதரன் மேற்பார்வையில் மேல்பகுதியைப் பெயர்த்துப் புதிதாக அமைத்து 2021 மார்ச் 7 அன்று மறுபடி திறந்தார்கள். துறைமுகத்திலிருந்து குண்டன்னூர் வந்து வடக்கே திரும்பும் எந்த வண்டியும் இந்த மேம்பாலம் இருக்கும் சந்திப்பைக் கடந்தே தீர வேண்டும். புதுப் பாலமே இந்த லட்சணம் என்றால், பாரத்தோடு வருகிறவர் பழைய பாலத்தின் முன் நின்று யோசிப்பதில் தப்பில்லை.

எடை தீர்ந்தால் உயரம். வைற்றிலாவில் கதை வேறு மாதிரிப் போனது. மேம்பாலம் கட்டி முடிந்த நேரத்தில், அதன் மேல் கொச்சி மெட்ரோவின் பாதை குறுக்கே போகிறதே, உயரமான லாரிகள் முட்டிக்கொள்ளுமே என்று ஒரு பேச்சு கிளம்பி ஊர் முழுவதும் பரவியது. அமைச்சர் மறுத்தார். 2021 ஜனவரி 9 அன்று வைற்றிலா, குண்டன்னூர் மேம்பாலங்கள் இரண்டும் ஒரே நாளில் திறக்கப்பட்டன. கண்டெய்னர் லாரிகள் மெட்ரோ கர்டரின் கீழே ஒன்றன்பின் ஒன்றாகச் சுகமாகப் போன காட்சி அன்று எல்லோருடைய கைபேசியிலும் ஓடியது. வதந்தி பொய்தான். ஆனால் அது சுட்டிய இடம் பொய்யல்ல. இத்தகைய இடங்களில் விடப்படும் உயரம் வழக்கமாக ஐந்தரை மீட்டர். கண்டெய்னருக்கு அது தாராளம். ஹைட்ராலிக் டிரெய்லரின் தளமே தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல். மிஞ்சுவது நாலேகால் மீட்டர் சொச்சம். ஐந்து மீட்டர் விட்டமுள்ள கலன் அதில் நுழையாது. ஒவ்வொரு மேம்பாலமும், ஒவ்வொரு நடைமேம்பாலமும், ஒவ்வொரு மெட்ரோத் தூணும் நகரத்துக்கு வசதியாக வருகிறது. ஓ.டி.சி.க்கு அது இன்னொரு தாழ்ந்த வாசல்.

பாலக்காட்டு வழியில் அந்த வாசல் குதிரானில் இருக்கிறது. கேரளத்தின் முதல் சாலைச் சுரங்கம் 2021 ஜூலை 31 அன்று திறக்கப்பட்டது. ஆறு மாதம் ஆகவில்லை. 2022 ஜனவரியில், பின்பெட்டியைத் தூக்கிய நிலையிலேயே ஒரு டிப்பர் உள்ளே புகுந்து 104 விளக்குகளை உடைத்துக்கொண்டே போய்விட்டது. ஓட்டுநர் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். ஓ.டி.சி. வண்டியோடு நடந்து வருபவர்கள் எதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு மேலேயே பார்த்துக்கொண்டு வருகிறார்கள் என்பது இதிலிருந்து புரியும்.

சுரங்கத்தையும் பாலத்தையும்விட அதிகம் நேரம் தின்பவை கம்பிகள். கேரளத்தில் சாலையும் வீடும் விட்டுவிட்டு வருவதில்லை. ஒரு ஊர் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது. அதனால் கம்பிகளும் முடிவதில்லை. குறுக்கே போகும் மின்கம்பியை மின்சாரத்தை நிறுத்தி அவிழ்க்க வேண்டும். வண்டி போனதும் கட்ட வேண்டும். மின்கம்பிக்காவது ஒரு சொந்தக்காரர். கேபிள் டி.வி.க்கும் தொலைபேசிக்கும் இன்டர்நெட்டுக்குமாகத் தொங்கும் கத்தைகளுக்கு யார் சொந்தக்காரர் என்பதே தெரியாது. கொச்சியில் இந்தத் தொங்கும் கேபிள்களில் கழுத்து சிக்கி ஸ்கூட்டரிலிருந்து விழுந்தவர்கள் உண்டு; விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. மூங்கில் கழியின் நுனியில் ஒரு குறுக்குக் கட்டை வைத்துத் தூக்கிப் பிடித்து, கீழே வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்துவதுதான் நடைமுறையில் நடக்கிறது. விண்வெளிக்கான இயந்திரமாக இருந்தாலும் கழி அதே மூங்கில்தான்.

விண்வெளி என்பது பேச்சுக்காக அல்ல. திருவனந்தபுரத்தில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்காக மகாராஷ்டிரத்திலிருந்து ஒரு ஆட்டோக்ளேவ் கிளம்பியது 2019 ஜூலையில். எடை 70 டன்தான். ஆனால் உயரம் ஏழரை மீட்டர், அகலம் ஏறக்குறைய ஏழு. 74 டயர் வண்டியில் ஏற்றி, நாளொன்றுக்கு ஐந்து கிலோமீட்டர் என்ற கணக்கில், நடுவில் கொரோனா ஊரடங்கையும் சந்தித்து, நான்கு மாநிலங்களைக் கடந்து 2020 ஜூலையில் போய்ச் சேர்ந்தது. ஏறக்குறைய 1,700 கி.மீ.க்கு ஒரு ஆண்டு. நஞ்சன்கூட்டில் உள்ள ஆலைக்குப் போக வேண்டிய இரண்டு ராட்சத டிரெய்லர்கள் 2022இல் தாமரச்சேரிச் சுரத்தின் அடிவாரத்தில் மூன்று மாதத்துக்கு மேல் கிடந்தன. ஒன்பது கொண்டை ஊசி வளைவுகளில் இவை ஏறினால் சாலை என்னாவது என்ற பயம். டிசம்பர் 22 இரவு மற்ற வண்டிகளை நிறுத்தி ஏறவிட்டபோது, சில மணி நேரத்தில் வயநாட்டுப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டன. மூன்று மாதம் தயங்கியது அதற்குத்தான்.

கம்பி, பாலம், வளைவு எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு கணக்கு இருக்கிறது. கேரளத்தில் கணக்கில் அடங்காத இன்னொன்று, ஆட்கள்.

2021 செப்டம்பரில் அதே விண்வெளி மையத்துக்குக் காற்றுச் சுரங்கத்துக்கான பெரிய கருவி வந்தது. மும்பையிலிருந்து கப்பலில் கொல்லம் துறைமுகம், அங்கிருந்து சாலைவழி தும்பா. கடைசி மைலில் வண்டி மறிக்கப்பட்டது. கேட்ட தொகை ரூ. 10 லட்சம். எதற்கு? இறக்குவதற்கு அல்ல. 184 டன்னை மனிதர் யாரும் தோளில் இறக்க முடியாது. கிரேன் இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு. மலையாளத்தில் இதற்கு அழகான பெயர், நோக்குக்கூலி. மாநில அரசு 2018 மே தினத்திலிருந்து இதற்குத் தடை விதித்திருந்தது. தடைக்குப் பிறகும் இது நடந்ததும், உயர் நீதிமன்றம் அரசைக் கடுமையாகக் கேள்வி கேட்டதும், போலீஸ் காவலோடு கருவி உள்ளே போனதும் நாடு முழுவதும் செய்தியாயின.

நோக்குக்கூலியை நியாயப்படுத்த யாராலும் முடியாது. ஆனால் அது எங்கிருந்து முளைத்தது என்று பார்க்க மட்டாஞ்சேரிக்குத்தான் வர வேண்டும். கப்பல் வேலை கேட்டுக் காலையில் கூடும் கூட்டத்தின் நடுவே கங்காணி உலோக வில்லைகளை வீசி எறிவான். அதற்கு 'சாப்பா' என்று பெயர். விழுந்து புரண்டு, ஒருவரையொருவர் மிதித்து யார் பொறுக்குகிறாரோ அவருக்கு அன்று வேலை. மற்றவர்கள் வீட்டுக்கு. இந்த முறையை எதிர்த்து வாரக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தத்தில், 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச்சூடு நடந்தது. மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ராஜீவ் ரவி இயக்கி 2023இல் வெளிவந்த 'துறமுகம்' என்ற மலையாளப் படம் இந்தக் கதையைத்தான் சொல்கிறது. வில்லைக்காக அடித்துக்கொண்ட தலைமுறையின் பிள்ளைகள் சங்கம் வைத்து, கூலியை நிர்ணயித்து, 1978இல் சுமைத் தொழிலாளர் சட்டம் வரை கொண்டுவந்தார்கள். இந்த இடத்தில் இறங்கும் சரக்கு இந்த இடத்து ஆட்களின் வேலை என்ற உரிமை அப்படி வந்தது. பிறகு கிரேன் வந்தது, ஃபோர்க்லிஃப்ட் வந்தது, கண்டெய்னர் வந்தது. 2011இல் கண்டெய்னர் வேலை முழுவதும் வல்லார்பாடத்துக்குப் போனது. வேலை போனது, உரிமை மட்டும் மிஞ்சியது. அது கெட்டுப்போய், வேலை செய்யாமலே வாங்கும் கூலியாக மாறியது. வண்டிக்காரருக்கு வரலாறு தேவையில்லை. அவருக்கு விடிவதற்குள் சந்திப்பைக் கடந்தாக வேண்டும். முன்பெல்லாம் பல கம்பெனிகள் இதைச் செலவோடு செலவாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனதும் இது வளர ஒரு காரணம்.

இத்தனையையும் தவிர்க்க ஒரு வழி கொச்சியில் எப்போதும் இருந்தது. பிரிஸ்டோ வருவதற்கு முன்பே இருந்தது. தண்ணீர்.

1993இல் கொல்லம் முதல் கோட்டப்புரம் வரை தேசிய நீர்வழி 3 என்று அறிவித்தபோது, சம்பக்கரைக் கால்வாயையும் உத்யோகமண்டல் கால்வாயையும் அதில் சேர்த்தார்கள். சம்பக்கரைக் கால்வாய் 14 கி.மீ. அம்பலமுகள் வரை போகிறது. அங்கேதான் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. பக்கத்தில் அம்பலமேட்டில் ஃபாக்ட் உரத் தொழிற்சாலை. வில்லிங்டன் தீவிலிருந்து கந்தகமும் பாறை பாஸ்பேட்டும் அமோனியாவும் பார்ஜ்களில் இந்தக் கால்வாய் வழியாகப் போவது கரையோரத்தில் குடியிருப்பவர்களுக்குப் பழகிப்போன காட்சி. சுத்திகரிப்பு ஆலையின் திறனை ஆண்டுக்கு 95 லட்சம் டன்னிலிருந்து 155 லட்சம் டன்னாக உயர்த்திய விரிவாக்கம் 2019 ஜனவரி 27 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அந்த வேலைக்காக வந்த ராட்சதக் கலன்கள் சாலையில் பாலத்தோடு மல்லுக்கு நிற்காமல் பார்ஜில் ஏறித் தண்ணீரிலேயே போயின.

பார்ஜின் கணக்கு எளிது. 40 மீ. நீளமும் 10 மீ. அகலமும் உள்ள தட்டையான பெட்டி என்று வைத்துக்கொண்டால், ஒரு சென்டிமீட்டர் அமிழ்ந்தால் நான்கு கன மீட்டர் தண்ணீர் விலகும். அதாவது நான்கு டன். 400 டன் ஏற்றினால் ஒரு மீட்டர் கூடுதலாக அமிழும். நெடுஞ்சாலைப் பாலம் அதிகபட்சம் என்று பயந்து எண்ணுகிற எடை, கால்வாயில் ஒரு மீட்டர். கர்டர் இல்லை, கம்பி இல்லை, நோக்குக்கூலியும் இல்லை.

அதற்காகத் தண்ணீர் வழி தங்க வழி என்று எழுதிவிட முடியாது. கால்வாயின் மேலும் சாலைப் பாலங்களும் ரயில் பாலமும் போகின்றன. நீர் ஏறினால் உச்சி பாலத்தில் இடிக்கும். நீர் இறங்கினால் அடி தரை தட்டும். கொச்சியில் ஏற்ற இறக்க வித்தியாசம் ஒரு மீட்டர்தான் என்பதால் அந்த இடைவெளியில் நாளும் நேரமும் பார்த்துத்தான் நுழைய வேண்டும். சில நேரம் பார்ஜின் தொட்டிகளில் தண்ணீரை நிரப்பி வேண்டுமென்றே அமிழ்த்திப் பாலத்துக்குக் கீழே கொண்டுபோவதும் உண்டு. துறையில் ஏற்றும்போதும் அப்படித்தான். டிரெய்லரின் முதல் ஆக்சில் பார்ஜில் ஏறியதும் அந்த முனை தாழும். உடனே மறுமுனையில் தண்ணீர் ஏற்றிச் சரிக்கட்ட வேண்டும். கொஞ்சம் பிசகினால் சரக்கு காயலுக்குள். 2023 செப்டம்பரில் தூத்துக்குடியிலிருந்து கூடங்குளத்துக்கு நீராவி உற்பத்திக் கலன்கள் இரண்டை ஏற்றிப்போன பார்ஜ், இழுவைக் கயிறு அறுந்து கரைக்கு அருகிலேயே பாறையில் சிக்கிக்கொண்டது. ஒவ்வொன்றும் 300 டன்னுக்கு மேல். பெரும்பாடு பட்டுத்தான் மீட்டார்கள்.

இருந்தும் கூடங்குளம் தனக்கென்று ஒரு ஜெட்டி கட்டிக்கொண்டது யோசித்துச் செய்த காரியம்தான். அம்பலமுகள் கால்வாயோரம் அமைந்தது அதன் அதிர்ஷ்டம். தண்ணீர் எட்டாத இடத்துக்குப் போகும் இயந்திரத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. திருச்சூருக்கோ கோயம்புத்தூருக்கோ, குண்டன்னூரிலிருந்து மூணாறு, போடி வழியாக மதுரைப் பக்கமோ போக வேண்டியது, கடைசியில் பாலம் ஏறத்தான் வேண்டும். மக்களுக்காக 2023 ஏப்ரலில் கொச்சி வாட்டர் மெட்ரோ தொடங்கியது. தீவுக்காரர்கள் மறுபடி படகேறினார்கள். சரக்கு விஷயத்தில் அந்த அவசரத்தைக் காணோம். நீர்வழி என்று அறிவித்து முப்பது ஆண்டுக்கு மேலாகியும், பெரிய பாரத்தை ஏற்ற இறக்கத் தகுந்த துறைகள் கேட்கும்போதெல்லாம் கிடைப்பதில்லை. ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் கலன் வரும்போது மட்டும் கரையைப் பலப்படுத்திக்கொள்கிறது. வேலை முடிந்ததும் அந்த இடத்தில் புல் முளைக்கிறது. பாலத்துக்கு ஆகும் சேதத்தை யாரும் உடனே கண்ணால் பார்ப்பதில்லை. பார்க்கும்போது எந்த வண்டி செய்தது என்று சொல்லவும் முடிவதில்லை. பார்ஜுக்கு ஆகும் வாடகை மட்டும் முதல் நாளே பில்லாக வந்துவிடுகிறது. கம்பெனிகள் எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதில் பெரிய ரகசியம் இல்லை.

குண்டன்னூர்ச் சந்திப்பில் திரும்பி முடிக்க அந்த வண்டிக்குக் காலை மூன்றரை ஆகிவிடும். நடுவிலுள்ள சாலைத் தடுப்புக் கற்களைக் கிரேன் வைத்து எடுத்து ஓரமாக அடுக்கியிருப்பார்கள். கடைசி டயரும் போன பிறகு அவற்றை மறுபடி இருந்த இடத்தில் வைக்க வேண்டும். மின்வாரிய ஆட்கள் ஏணியில் ஏறி அவிழ்த்த கம்பியைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே, தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்திலிருந்து முதல் லாரிகள் ஐஸ் தண்ணீரை ஒழுகவிட்டுக்கொண்டு அதே பாலத்தில் ஏறத் தொடங்கிவிடும். வேகமாக, ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு, டயருக்கு 2.9 டன் கணக்கில்.